அறிவிக்கப்பட்ட தடமும் காக்கப்பட்ட வழியும்: நாஞ்சில் நாட்டு மலைப்பாதைகளின் சட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மலைநடைத் தடங்களை அரசு அடையாளங்கண்டு அறிவித்துக் காக்கும் சட்ட நடைமுறை இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் உருவாயிற்று. தமிழகத்தில் 2018ஆம் ஆண்டின் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும், 2024இல் தொடங்கப்பெற்ற ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் இத்திசையில் எழுந்த முயற்சிகளாகக் கருதப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைவழிகள் திருவிதாங்கூர் ஆட்சிக்காலம் முதல் இன்றுவரை எவ்வெச்சட்டங்களின் பார்வைக்கு உட்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய வனச் சட்ட மரபு நிலப்பரப்பைக் காக்கிறதேயன்றி வழியைக் காப்பதில்லை என்பதும், அதனால் தடத்தை அறிவித்தலும் வழியைக் காத்தலும் இருவேறு செயல்களாகவே நின்றுவிட்டன என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, வழியுரிமை, காப்புக்காடு, சரணாலயம், மலையேற்ற விதிகள், காணி மக்கள், வன உரிமைச் சட்டம்.

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை கன்னியாகுமரி மாவட்டத்தில் முடிகிறது. மகேந்திரகிரி, அசம்பு மலை, தாடகை மலை, கடலை நோக்கித் தனித்து நிற்கும் மருந்துவாழ்மலை ஆகியவை நாஞ்சில் நாட்டின் வடக்கையும் கிழக்கையும் சூழ்ந்துள்ளன. இம்மலைகளின் ஊடாகச் செல்லும் பாதைகள் வணிகர், படைவீரர், அடியார், தேன் எடுப்போர், தோட்டத் தொழிலாளர் எனப் பலரின் காலடியில் உருவானவை. இன்று அவற்றுள் பெரும்பகுதி காப்புக்காட்டிற்குள்ளும் சரணாலயத்திற்குள்ளும் அமைந்துள்ளது. ஒரு பாதையில் நடக்க யாருக்கு உரிமை, யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது.

நாஞ்சில் நாட்டு வரலாறு குறித்த ஆய்வுகள் கோயில், நிலவுடைமை, நீர்ப்பாசனம், சமூகப் போராட்டம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. மலைவழிகளின் சட்டநிலை தனித்த ஆய்வுப்பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. மலையேற்றத் தடங்களை அரசே பட்டியலிட்டு முன்பதிவுக்குத் திறந்துவிட்டுள்ள இன்றைய சூழலில் இவ்வினா கல்விசார் ஆர்வத்தோடு நிற்பதில்லை. மலையில் வாழும் மக்களின் அன்றாட நடமாட்டத்தையும் அது தொடுகிறது.

2. வழி: சொல்லும் பொருளும்

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. ஆறு, நெறி, அதர், சுரம், கவலை, தடம் என்பன அவற்றுட் சில. கவர்த்துச் செல்லும் வழியைக் ‘கவலை’ என்று சங்க நூல்கள் வழங்கின. ‘ஆற்றுப்படை’ எனும் இலக்கிய வகையின் பெயரே வழிப்படுத்துதல் என்னும் பொருளைத் தாங்கியுள்ளது. ‘ஆறு’, ‘நெறி’ ஆகியவை ஒழுக்கத்தையும் முறைமையையும் குறிக்கும் சொற்களாக வளர்ந்தமை, வழி என்பது பலரும் ஒப்புக்கொண்ட நடைமுறை எனும் எண்ணம் மொழியில் வேரூன்றியிருந்ததைக் காட்டுகிறது.

வழி என்ற கருத்தில் தங்குதலும் அடங்கியிருந்தது. குமரி மாவட்டத்தின் பழைய நெடுவழிகளை ஒட்டி இன்றும் கல்மண்டபங்களையும், வழியம்பலங்களையும், சுமைதாங்கிக் கற்களையும் காணலாம். சுமையை இறக்கி வைக்கவும், இரவு தங்கவும், நீர் அருந்தவும் அமைந்த இவ்வமைப்புகள் அறச்செயலாகக் கருதப்பட்டன. நடப்பவனுக்கு இளைப்பாறும் இடமும் உண்டு என்பதே மரபின் நிலைப்பாடு. நடத்தலையும் தங்குதலையும் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்துப் பார்ப்பது பிற்காலச் சட்டத்தின் பார்வையாகும்.

3. திருவிதாங்கூர் ஆட்சியில் வழிகள்

திருவிதாங்கூர் அரசின் பார்வையில் மலைவழி முதலில் பாதுகாப்பு, வருவாய் ஆகியவற்றோடு தொடர்புடையதாக இருந்தது. பாண்டிநாட்டுச் சமவெளியிலிருந்து நாஞ்சில் நாட்டிற்குள் நுழைவதற்குரிய முதன்மை வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கு எழுப்பப்பட்டிருந்த கோட்டை அரணை 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் செயின்ட் லெகர் தலைமையிலான ஆங்கிலப்படை கைப்பற்றியதோடு வேலுத்தம்பியின் எதிர்ப்பு தளர்ந்தது. ஒரு கணவாயைக் காப்பது நாட்டையே காப்பதாகக் கருதப்பட்ட காலம் அது. இதனையடுத்து 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் ஆகிய அலுவலர்கள் மேற்கொண்ட நில அளவை, திருவிதாங்கூரின் மலைகளையும் வழிகளையும் முறையாகப் பதிவு செய்தது.

மிளகு, புகையிலை, உப்பு ஆகியவற்றின் வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தமையால் மலைவழிகள் கள்ளக்கடத்தலின் வழிகளாகவும் பார்க்கப்பட்டன. எல்லைப்புறச் சவுக்கைகள் பொருளைச் சோதித்தன. 1860களில் மிளகு, புகையிலைத் தனியுரிமைகள் நீக்கப்பட்டன. 1865ஆம் ஆண்டு பிரித்தானிய இந்திய அரசு, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றிடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கை சுங்கத் தடைகளைப் பெருமளவு அகற்றியது. வழியைச் சுங்கத்தின் கண்கொண்டு பார்க்கும் தேவை இவ்வாறு குறைந்த சில பத்தாண்டுகளிலேயே, காட்டின் கண்கொண்டு பார்க்கும் தேவை எழுந்தது.

இடையில் சமவெளியிலும் வழியுரிமை ஒரு பெரும் சமூக வினாவாயிற்று. திருவிதாங்கூரில் அரசு வீதிகள் அனைவருக்கும் பொது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவிப்புகள் வெளிவந்தபோதிலும், ‘ராஜவீதி’, ‘கிராமவீதி’ என்ற பாகுபாட்டைக் காட்டிக் கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டன. 1924-25ஆம் ஆண்டுகளின் வைக்கம் போராட்டமும், நாஞ்சில் நாட்டிலேயே 1926இல் தொடங்கி எம்.ஈ. நாயுடு முதலியோர் முன்னின்று நடத்திய சுசீந்திரம் சத்தியாகிரகமும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமையை முன்வைத்தன. 1936 நவம்பர் 12ஆம் நாளைய கோயில் நுழைவுப் பிரகடனம் இப்போராட்டங்களின் தொடர்ச்சியில் வந்தது. ‘பொதுவழி’ என்று அரசு அறிவிப்பதால் மட்டும் ஒரு வழி பொதுவாகிவிடுவதில்லை. அவ்வுரிமையை நிலைநாட்டும் சட்டமும், அதனைக் கேட்டுப்பெறும் மக்களும் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. மலைவழிகளை ஆராயும்போதும் இப்படிப்பினையை நினைவிற்கொள்ளல் தகும்.

4. காப்புக்காடும் வழியுரிமையும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தை அடியொற்றித் திருவிதாங்கூர் அரசு கொல்லம் ஆண்டு 1063இல் (கி.பி. 1887-88) தன் முதல் வன ஒழுங்குச் சட்டத்தை இயற்றியது. பின்னர் 1068ஆம் ஆண்டில் அது திருத்தி அமைக்கப்பட்டது. இக்காலத்தில் வனக்காப்பாளராக இருந்த போர்டில்லன் திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றி விரிவான அறிக்கையைத் தயாரித்தார். அசம்பு மலைச்சாரலில் ஐரோப்பியர் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்காகப் புதிய பாதைகளும் வெட்டப்பட்டன. ஒரே மலையில் தோட்டப்பாதையும் காணி மக்களின் ஒற்றையடிப்பாதையும் அருகருகே இருந்தன. முன்னதற்கு உரிமையாளர் இருந்தார். பின்னதற்குப் பழக்கம் மட்டுமே இருந்தது.

காப்புக்காடு அமைக்கும் முறை இங்குக் கவனத்திற்குரியது. அரசு முதலில் தன் நோக்கத்தை அறிவிக்கும். வன நிர்ணய அலுவலர் குறிப்பிட்ட காலத்திற்குள் உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று விசாரிப்பார். நில உரிமை, மேய்ச்சல், வனப்பொருள், நீர்வழி ஆகியவற்றோடு வழியுரிமையும் கோரத்தக்கவற்றுள் ஒன்று. ஏற்கப்பட்ட உரிமை பதிவேட்டில் இடம்பெறும். காலத்திற்குள் கோரப்படாதது பெரும்பாலும் அழியும். ஆகவே காட்டுவழியொன்று சட்டத்தின் முன் நிலைபெற வேண்டுமாயின், அதனைப் பயன்படுத்தியோர் எழுத்தில் கோரியிருக்க வேண்டும். எழுத்தறிவும் அலுவலகத் தொடர்பும் இல்லாத மலைவாழ் மக்களிடம் இந்நிபந்தனை எத்தகைய விளைவை ஏற்படுத்தியிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

இம்மரபில் வழிக்குச் சார்பான ஒரு கூறும் உண்டு. தமிழ்நாட்டிற்கு வெளியே பல மாநிலங்களில் நடைமுறையிலுள்ள 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் 25ஆம் பிரிவில், காப்புக்காட்டிலுள்ள பொதுவழியையோ தனிவழியையோ மாநில அரசின் முன்னிசைவோடு வன அலுவலர் மூடலாம் என்கிறது. ஆயினும் அதற்கு ஈடாக ஏற்கத்தக்க மாற்றுவழி இருத்தல் வேண்டும் அல்லது அமைத்துத் தரப்படல் வேண்டும் என்றும் அப்பிரிவு நிபந்தனை விதிக்கிறது. மாற்றுவழி எனும் இக்கருத்து, பிற்காலத்தில் பிற நாடுகளின் தடப்பாதுகாப்புச் சட்டங்களில் உயிர்நாடியாக அமைந்தது. இந்திய மரபில் அது வனத்துறையின் அதிகாரத்திற்கு இடப்பட்ட ஓர் எல்லையாக மட்டுமே எஞ்சியது.

வழி அழிவதற்குச் சட்டம் மட்டுமே காரணமன்று. 1897 முதல் 1906 வரை பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வேளாண்மைக்குப் பெருநன்மை செய்தது. அதே அணையின் நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கினுள் நடைவழி அமைய இருந்த நிலத்தை நீரால் மூடியது. நீர்த்தேக்கத்தின் மறுகரையிலுள்ள காணிக் குடியிருப்புகள் சிலவற்றிற்குப் படகே இன்றும் முதன்மை வழி. கீழ்நாட்டின் நீர்ப்பங்கீடு ஆவணங்களில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ள அளவிற்கு மேல்நாட்டின் வழிகள் பதிவாகவில்லை.

5. சரணாலயமும் நுழைவு அனுமதியும்

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மலைவழிகளைப் பொறுத்தவரை அடுத்த பெருமாற்றம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்திற்குள் நுழையத் தகுதியுடையோரை வரையறுக்கிறது. பணியிலுள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்துரிமை உடையவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடப்பவர், இவர்களைச் சார்ந்தோர் ஆகியோரே அவர்கள். ‘பொது நெடுஞ்சாலை’ என்னும் சொல்லாட்சி குறிப்பிடத்தக்கது. வண்டி செல்லும் சாலைக்கு இச்சட்டத்தில் இடமுண்டு. தலைமுறைகளாக நடந்த ஒற்றையடிப்பாதைக்கு வெளிப்படையான இடம் இல்லை. 28ஆம் பிரிவு ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா, அங்கு வாழ்வோருடன் சட்டப்படியான அலுவல் முதலிய நோக்கங்களுக்கு அனுமதி வழங்க இடமளிக்கிறது.

2008இல் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். 1,672 சதுர கிலோமீட்டர் கொண்ட மாவட்டத்தில் அது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு. 2001இல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. குமரியின் மலைக்காடுகளும் அதற்குள் அடங்கும். யானையும் புலியும் வாழும் இக்காடுகளுக்கு இப்பாதுகாப்பு இன்றியமையாதது. எனினும் பரப்பைக் காக்கும் ஒவ்வொரு அறிவிப்பும் அப்பரப்பிற்குள் செல்லும் வழியை ‘உரிமை’ என்ற நிலையிலிருந்து ‘அனுமதி’ என்ற நிலைக்கு நகர்த்தியது.

அகத்தியர்கூடம் இதற்கு அண்டைச் சான்றாகும். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலைமுடிக்குக் கேரளப் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் அனுமதி முறையில் பயணிகள் செல்கின்றனர். பெண்களை அனுமதிக்க மறுத்த நடைமுறையை எதிர்த்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2019 முதல் அவர்களும் ஏறுகின்றனர். மலையைப் புனிதமாகக் கருதும் காணி மக்களுள் சிலர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தனர். பாலினச் சமத்துவம், வழிபாட்டு நம்பிக்கை, காட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே ஒற்றையடிப்பாதையில் எதிரெதிரே நின்றன. வழியின் தன்மையையும் அதன்மேல் யாருக்கு என்ன உரிமை என்பதையும் சட்டம் முன்கூட்டியே வரையறுத்திருந்தால், அனுமதிச்சீட்டு வழங்கும் வேளையில் இச்சிக்கல் வெடித்திருக்க வேண்டியதில்லை.

6. குரங்கணிக்குப் பின்

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுக்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் தோன்றின. 2018ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் தடங்களை எளிது, மிதம், கடினம் என வகைப்படுத்தின. அனுமதி, கட்டணம், வழிகாட்டி ஆகியவற்றை நெறிப்படுத்தின. தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இணைந்து தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம், கன்னியாகுமரி உள்ளிட்ட 14 மாவட்டங்களில் 40 தடங்களை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணியாற்றுவது இத்திட்டத்தின் பயன்மிக்க கூறு.

இவ்விதிகளின் தோற்றுவாய் ஒரு விபத்து என்பதை மறத்தல் கூடாது. நடப்பவரின் உயிரைக் காப்பதும், காட்டை நடப்பவரிடமிருந்து காப்பதுமே அவற்றின் நோக்கம். தடத்தைக் காப்பது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை. ஒரு தடத்தைப் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் நிருவாக முடிவு. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தடத்திற்கு மாற்று ஒன்றைத் தரவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. பட்டியலில் இல்லாத பழைய வழி, நடக்கத் தகாத வழியாகிவிடுகிறது.

7. பிற நாடுகளின் சட்டங்கள்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நிகழ்ந்த அத்துமீறல் நடைப்போராட்டம் மலைநில நுழைவுரிமைக் கோரிக்கைக்கு வலுவூட்டியது. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் மற்றும் ஊரக நுழைவுச் சட்டம் நெடுந்தொலைவு நடைவழிகளை அமைக்க வழிசெய்தது. வழியோரத் தங்குமிடத்தையும் உணவையும் பற்றிய ஏற்பாடுகளும் அதில் இடம்பெற்றன. முதல் நெடுவழியான பென்னைன் வழி 1965இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் தேசியத் தடங்கள் அமைப்புச் சட்டம் அப்பலாச்சியன், பசிபிக் கிரெஸ்ட் ஆகிய தடங்களை நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகவே பெயர்குறித்து நிறுவியது. அவற்றை நீக்குவதற்கு அலுவலர் ஒருவரின் ஆணை போதாது.

சுவிட்சர்லாந்தின் நிலை இன்னும் தெளிவானது. 1979இல் மக்கள் வாக்கெடுப்பின்வழி நடைவழிப் பாதுகாப்பு அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1985இல் இயற்றப்பட்டு 1987இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மாநிலங்கள் நடைவழிகளை வரைபடத்தில் பதிய வேண்டும், பராமரிக்க வேண்டும், வரைபடத்திலுள்ள வழியொன்று அகற்றப்பட நேர்ந்தால் தக்க மாற்றைத் தர வேண்டும் என்று விதித்தது.

தங்குதலைப் பொறுத்தும் வேறுபாடுகள் உள்ளன. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்புடன் நடக்கும் உரிமையோடு திறந்தவெளியில் கூடாரமிட்டுத் தங்கும் உரிமையையும் ஏற்றது. ஒவ்வோர் உள்ளாட்சியும் மையவழித் திட்டமொன்றை வகுக்கவும் பணித்தது. கூட்டம் மிகுந்த லோமண்ட் ஏரிக்கரைப் பகுதியில் பின்னர்க் கூடாரமிடலுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வந்தன. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொதுநிலத்தில் இரவு தங்கும் உரிமை பற்றிய வழக்கில், 1985ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தை ஆய்ந்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அவ்வுரிமையை உறுதிசெய்தது.

இச்சட்டங்களில் மூன்று கூறுகள் பொதுவாகத் தென்படுகின்றன: வழி ஒரு சட்டப்பொருளாகப் பதிவு பெறுதல், பராமரிப்புக் கடமை இன்னாருடையது என வரையறுத்தல், வழியை மாற்றவோ நீக்கவோ முறையான நடைமுறை இருத்தல். எல்லா நாடுகளிலும் இம்மூன்றும் ஒரே அளவில் இல்லை. குமரி மாவட்டத் தடங்களுக்கு முதலாவது கூறு பட்டியல் வடிவில் மட்டும் உள்ளது. மூன்றாவது கூறு இல்லை. இந்நாடுகளின் மலைகளில் யானையும் புலியும் இல்லை என்பதால் அவற்றின் தாராளமான நுழைவுரிமையை இங்கு அப்படியே பொருத்த இயலாது என்பதும் உண்மை. பொருத்தத்தக்கது உரிமையின் அளவன்று, முடிவெடுக்கும் முறையே.

8. வன உரிமைச் சட்டம் காட்டும் வாய்ப்பு

இம்முறைக்கான அடிப்படை இந்தியச் சட்டத்திலேயே உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(1) பிரிவின் ‘எல்’ உட்பிரிவில், வேட்டை நீங்கலாக, வனவாழ் மக்கள் வழக்கமாகத் துய்த்துவந்த பிற மரபுரிமைகளை ஏற்கிறது. காவு, காட்டுத்தெய்வ வழிபாட்டிடம், தேன் எடுக்கும் பாறை, அண்டைக் குடியிருப்பு ஆகியவற்றிற்குச் செல்லும் வழிகளை இவ்வுட்பிரிவின்கீழ்ச் சமூக உரிமையாகக் கிராம சபை முன்மொழிய வாய்ப்புண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இச்சட்டம் பொருந்தும் பகுதிகளில் சரணாலய மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்தே வகுக்க வேண்டும். காப்புக்காடு அமைந்த காலத்தில் எழுத்தில் கோராமையால் இழந்ததை மீளப்பெறும் வாயில் இது.

வழிகாட்டியாகப் பணிபுரியும் காணி இளைஞர், தம் முன்னோர் வழியில் பிறரை அழைத்துச் செல்வதற்கு ஊதியம் பெறுகிறார். அவ்வழியின்மீது அவருடைய ஊருக்கு உள்ள உரிமை பதிவாகாதவரை, தடம் பட்டியலிலிருந்து நீங்கும் நாளில் ஊதியத்தோடு வழியும் அவரைவிட்டு நீங்கக்கூடும்.

9. முடிவுரை

நாஞ்சில் நாட்டு மலைவழி அரணாகவும், சுங்கப் பாதையாகவும், காப்புக்காட்டின் விதிவிலக்காகவும், சரணாலயத்தின் அனுமதிப் பாதையாகவும், இன்று முன்பதிவுத் தடமாகவும் அறியப்பட்டு வந்துள்ளது. இந்நிலைகள் எதிலும் வழி தன்னளவில் சட்டத்தின் பாதுகாப்புப் பொருளாக அமையவில்லை. தடத்தை அறிவித்தல் பாதுகாப்பின் முதற்படியே. பதிவு, பராமரிப்பு, மாற்றுவழி, கிராம சபையின் இசைவு ஆகியவை சேரும்போதே அது காக்கப்பட்ட வழியாகும்.

இத்துறையில் மேலாய்வுக்கு இடம் மிகுதி. வன நிர்ணய ஆவணங்களில் பதிவான வழியுரிமைகளைத் தொகுத்தல், வார்டு–கானர் அளவைக் குறிப்புகளை இன்றைய நிலப்படத்தோடு ஒப்பிடல், காணி மக்களின் வழிப்பெயர்களை வாய்மொழியாகத் திரட்டல் ஆகிய மூன்றும் உடனடியாக மேற்கொள்ளத்தக்கவை. இவற்றுள் மூன்றாவது பணிக்குக் காலம் குறைவு. ஆவணங்கள் ஆவணக்காப்பகத்தில் காத்திருக்கும். வழிப்பெயர்களை அறிந்த முதியோர் காத்திருக்க இயலாது.